முத்திரை அடித்த ஃப்ளைவீல்

— ப்ரியா, என்ஜின் சுத்து காட்டுற முள்ளு நாலாயிரத்தத் தாண்டுது. பைய போ, பைய போ!

— என்னங்க இது? அவுட்டர் ரிங் ரோட்டுல நூறுல போறதுக்கு இப்படியா கைப்பிடியில தொங்குவாங்க? சைனிக்புரி சேர்றதுக்குள்ள அதப் பிடுங்கிருவீங்க போல.

— ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடு தாயி. உனக்குப் புண்ணியமாப் போகும்.

— காரணம் சொல்லுங்க, எடுக்கிறேன்.

— காரணம்... அந்த ஃப்ளைவீலு... நந்தகுமார் அண்ணாச்சி நேத்து போன்ல...

— ஒரு வாக்கியத்தயாவது முழுசா முடிங்க. மூணு வாரம் புனேல இருந்துட்டு, காலேஜ் போற பொண்ணு எப்படி இருக்கான்னுகூடக் கேக்காம, வந்ததும் வராததுமா ஏன் உளர்றீங்க?

— ஓரமா நிறுத்து. சொல்லுதேன். மொதல்ல நிறுத்து!

— நிறுத்திட்டேன். விளக்கும் போட்டாச்சு.

— என்ஜினையும் அணை.

— ஹவ், ஆமா, அணைச்சாச்சு. இப்பவாவது சொல்லுங்க.

— உன் பொறந்தநாளுக்கு நான் மாட்டிக் குடுத்த ஃப்ளைவீலு இருக்குல்லா... என்ஜினுக்குப் பின்னால சுத்துற தட்டு... அது நீ கேட்டது இல்ல.

— நான் கேட்டது என்னன்னு ஞாபகமாவது இருக்கா?

— மறக்குமா? எடை குறைவா வேணும், ஆனா வார்ப்பிரும்பு நக்கோ, வேண்டவே வேண்டாம்னு சொன்ன. ஒரே உருக்குக் கட்டியில செஞ்சது, எத்தன சுத்துக்குத் தாங்கும்னு சோதிச்சு முத்திரை குத்தினது, பேலன்ஸ் பார்த்திருக்கணும், போல்ட்டெல்லாம் புதுசா இருக்கணும். நம்பர் போட்டு எழுதிக் குடுத்தியே.

— அதத்தான வாங்குனீங்க?

— ஆர்டர் போட்டேன். வர ரெண்டு மாசம் ஆகும்னுட்டான். பொறந்தநாளு நிக்குமா? நம்ம வண்டியில இருந்த பழைய வார்ப்பிரும்பையே கழட்டி, ராமச்சந்திராபுரத்துல அண்ணாச்சி லேத்துக்குக் கொண்டு போனேன். பாதி எடைக்குச் செதுக்கிக் குடுத்தாரு.

— கடவுளே! ஏங்க இப்படிப் பண்ணீங்க? வார்ப்பிரும்பச் செதுக்கினா கண்ணுக்குத் தெரியாம கீறல் விடும், வேகத்துல சில்லு சில்லா வெடிக்கும்னு உங்ககிட்ட எத்தன தடவை படிச்சுக் காட்டினேன்?

— முப்பது வருசம் டர்பைனுக்கே கடைசல் பிடிச்ச ஆளு. உங்க அப்பா வீட்டு டவுன்ஷிப்புல ஒரு குக்கர் மூடி வளைஞ்சாக்கூட அவருகிட்டத்தான ஓடுறீங்க? தப்பாதுன்னு நம்பிட்டேன்.

— குக்கர் மூடி நிமிஷத்துக்கு ஆறாயிரம் தடவை சுத்துதா? சரி, முத்திரை? என் கண்ணால பார்த்தேனே!

— அது... நம்பர் பஞ்ச் வச்சு நான்தான் அடிச்சேன்.

— நீங்களா?

— நீ பார்ப்பேன்னு தெரியும். பார்க்காம விடுற ஆளா நீ?

— என் மூஞ்சியப் பார்த்து இதச் சொல்லுங்க.

— உன் காலைத்தான் பார்த்துட்டு வாரேன் ப்ரியா. நேத்து அண்ணாச்சி போன்ல அழுதாரு. அவரு செதுக்கின இன்னொண்ணு வெடிச்சிருக்கு. துண்டு தரையக் கிழிச்சிட்டு மேல வந்து, ஓட்டினவன் பாதத்த... ஏ, சிரிக்கிறியா?

— சிரிப்பா அழுகையான்னு எனக்கே தெரியல. அது இந்த வண்டியிலயே இல்லங்க.

— என்னது?

— நீங்க புனே போன மறுநாளே கழட்டியாச்சு. கொண்டாப்பூர் சிக்னல்ல கிளட்ச விட்டா வண்டி அணைஞ்சு அணைஞ்சு நின்னுச்சு. பின்னாடி ஒரு தெருவே ஹார்ன் அடிச்சுது. எடை ரொம்பக் குறைஞ்சா அப்படித்தான். தினம் ஆபீஸ் போற வண்டிக்கு இது ஆகாதுன்னு, நூர் பாய் கடையில பழைய எடைக்கே புதுசு ஒண்ணு போட்டுட்டேன்.

— முருகா! திருச்செந்தூருக்கு நடந்தே வாரேன்பா!

— நடங்க, நடங்க. பொய் முத்திரைக்குச் சேர்த்து உருளவும் செய்யுங்க.

— உருளுதேன். என்ன வேணாலும் திட்டு. அந்தச் சவம் எங்க கிடக்கு? இரும்புக் கடைக்குப் போட்டாச்சா?... ப்ரியா? ஏன் இப்படி வெளுத்துப் போற?

— ஆதர்ஷ் கேட்டான்.

— யாரு, உன் தம்பியா?

— 'சும்மாதான அக்கா கிடக்கு, என் ரேஸ் வண்டிக்கு ஆகும்'னான். நான்தாங்க டார்ச் அடிச்சு முத்திரையக் காட்டினேன். எட்டாயிரம் சுத்துக்கும் பயப்படாதேன்னு நான்தான் சொன்னேன்.

— மாட்டிட்டானா?

— போன வாரமே. இன்னிக்கு அந்த வண்டிக்கு ஓட்டம். பழைய விமான ஓடுபாதையில, பதினோரு மணிக்கு.

— மணி பத்து அம்பத்தெட்டு! போனப் போடு. ஸ்பீக்கர்ல போடு!

— போட்டுட்டேன்... எடுடா. கண்ணா, எடுடா...

— ஹலோ அக்கா! இங்க ஒரே சத்தம், கத்திப் பேசு!

— ஆதர்ஷ், மாமா பேசுதேன். என்ஜின அணைச்சிட்டு இறங்கு. இப்பவே!

— ஏன் மாமா? என்னாச்சு?

— உள்ள இருக்கறது வார்ப்பிரும்புடா! முத்திரை பொய்! வெடிச்சா காலே போயிரும்! கேள்வி கேக்காம இறங்கு!

— நான் வெளிய நிக்கிறேன் மாமா... வீட்ல சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா... ஓட்டுறது உங்க பொண்ணு நித்யஸ்ரீ. இப்பதான் கொடி இறங்கி வண்டி கிளம்புச்சு.