பாலத்தில் விட்ட சுமைதூக்கி

எனக்கு மெதுவாகத்தான் படிக்க வரும், ஐயா. நான் சொல்வதை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டும்போது கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாற்பது தாண்டித்தான் எழுத்து கற்றேன். ஆசைப்பட்டு இல்லை. எச்சரிக்கைப் பலகை படிக்கத் தெரியாதவனுக்கு இனிக் கிடங்கில் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அத்தனை வருஷம் மூட்டை தூக்கியபோது இல்லாத அக்கறை, திடீரென்று என் உயிர்மேல் வந்துவிட்டது. சரி, போகட்டும் என்று கற்றுக்கொண்டேன்.

ஆனால் பலகையைவிட அதிகம் படித்தது தங்கச்சி வீட்டுத் தொலைக்காட்சியில்தான். நான் அவர்களோடுதான் இருக்கிறேன். தங்கச்சி புருஷன் அதே கிடங்கில் மெக்கானிக். வேலை முடிந்து வந்ததும் கைகால்கூடக் கழுவாமல் விளையாட உட்கார்ந்துவிடுவார். ராஜா, மந்திரவாதி, பூதம் என்று ஒரு விளையாட்டு. வாளும் கவசமுமாக ஒரு வீரன் ஊர் ஊராகப் போவான். யாராவது அவனிடம் ஏதாவது கேட்பார்கள். திரையில் மூன்று பதில் வரும். எதைச் சொல்கிறோமோ அதற்கேற்றபடி கதை மாறும். திருடனை இரக்கப்பட்டுப் போகவிட்டால், பிறகு அவனே வந்து கிணற்றில் விஷம் கலப்பான். “ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பலன் இருக்கு மச்சான்” என்று எனக்குப் பாடம் எடுப்பார் மாப்பிள்ளை.

பலன் பிடிக்காவிட்டால் அவர் என்ன செய்வார் தெரியுமா? சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போய் வேறு பதில் சொல்வார். ஒரு ஊரைக் கொளுத்துவார். எரிவதை வேடிக்கை பார்ப்பார். பிறகு பின்னால் போய், அதே ஊர்க்காரர்களைக் காப்பாற்றிக் கும்பிடு வாங்கிக்கொள்வார். இதற்குப் பெயர் வீரம்.

அந்த மகா வீரன் ஒரு செம்புத் தண்ணீரைக்கூடத் தானாகச் சுமக்கமாட்டான். அதற்கு ஒரு சுமைதூக்கி உண்டு. அவனுக்கு நாமே பெயர் வைக்கலாம். மாப்பிள்ளை ‘மாடு’ என்று வைத்தார். கிடங்கில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“மச்சான், பாருங்க, நீங்களும் உள்ளே வந்துட்டீங்க.”

“நடைகூட அண்ணன் நடைதான்” என்றாள் தங்கச்சி.

நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

வழியில் ஒரு தொங்குபாலம் அறுந்து விழும். ஒரு பக்கம் பளபளவென்று ஒரு வாள் நழுவும். மறுபக்கம் மாடு மூட்டையோடு தொங்குவான். ஒன்றைத்தான் பிடிக்க முடியும். மாப்பிள்ளை முதலில் மாட்டைப் பிடித்தார். பிறகு திரும்பப் போய் வாளைப் பிடித்துப் பார்த்தார். மாடு விழுந்தான். விழும்போது என்னவோ சொன்னான், கீழே எழுத்து வந்தது. நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பொத்தானை அமுக்கி அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்.

“என்ன சொன்னான் மாப்பிள்ளை?”

“எல்லாம் புலம்பல்தான் மச்சான். வாள் செமையா இருக்கு. இப்படியே போகட்டும்.”

“பாவம், திரும்பக் கூட்டிட்டு வாங்களேன்” என்றாள் தங்கச்சி, வெங்காயம் உரித்துக்கொண்டே. “அண்ணன் முகமே தொங்கிப்போச்சு.”

“மாடு போனா வேற ஒரு மாடு. இதுக்கெல்லாமா முகம் தொங்கும்?”

அதன்பின் எந்த ஊருக்குப் போனாலும் யாராவது ஒருவர், உன் சுமையைத் தூக்கி வந்தவன் எங்கே என்று கேட்பார். அந்த இடத்திலும் பொத்தான்தான். ஒரு தடவைகூட என்னைக் கடைசிவரை படிக்க விடவில்லை.

இதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். விளையாட்டில் எவனோ விழுந்தான் என்று ஆளைக் கொல்ல நான் என்ன கிறுக்கனா? காரணம் வேறு. பூட்டு.

லாரிக்குச் சரக்கு ஏற்றி இறக்க மேலும் கீழும் போகும் மேடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழுது பார்க்க அதன் அடியில் போகிறவர், வேறு யாரும் அதை இயக்கிவிடாதபடி முதலில் தன் பூட்டை விசைப்பெட்டியில் மாட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை மாட்டமாட்டார். பூட்டை எடுக்க அலுவலகம்வரை நடக்க வேண்டுமே. என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, “மச்சான், நீங்கதான் பூட்டு” என்று குனிந்து உள்ளே போய்விடுவார். எதைச் செய்தாலும் திரும்பப் போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்று இருந்த மனுஷர். அவருக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

அன்றைக்கும் அப்படித்தான் நின்றேன். அவர் அடியில் சத்தமில்லாமல் நட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். புதிதாக வந்த லாரி டிரைவர், “அண்ணே, மேடையை இறக்கலாமா? கீழே ஆள் யாரும் இல்லையே?” என்று கேட்டார்.

நல்ல மனுஷன். கேட்டுத்தானே செய்தார்.

எனக்கு முன்னால் பதில்கள் வரிசையாக நின்றன. ஆள் இருக்கிறார் என்று சொல்லலாம். பேசாமல் இருக்கலாம். நிதானமாகப் படித்தேன். அமுக்கித் தள்ளிவிட அங்கே யாரும் இல்லை. “யாரும் இல்லை தம்பி, இறக்குங்க” என்றேன்.

அந்த மேடை ஒன்றும் சடாரென்று இறங்காது. அவர் “மச்சான்” என்று கூப்பிட்டார், சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. மறுபடி கூப்பிட்டது அந்த மாதிரி இல்லை. டிரைவர் பதறி, எது நிறுத்துகிற பொத்தான் என்று என்னிடம் கேட்டார். அது என் கைக்குப் பக்கத்திலேயே, சிவப்பாக இருந்தது. மேல் எழுதியிருந்ததையும் என்னால் படிக்க முடிந்தது. நான் காட்டவில்லை.

இப்போது அந்த டிரைவரைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து, கவனக்குறைவு என்கிறீர்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. நான் யோசித்துச் செய்ததை இன்னொருவருடைய கவனக்குறைவு என்று எழுதினால் எப்படி? அவரை வீட்டுக்கு அனுப்புங்கள்.

தங்கச்சி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “நீ பக்கத்துலயே இருந்தியா அண்ணே?”

“இருந்தேன்.”

“அப்ப அவர் பயந்திருக்கமாட்டார்” என்றாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் போனபிறகு, அவள் அசந்து தூங்கும்போது தொலைக்காட்சியைப் போட்டேன். அவர் கடைசியாகச் சேமித்த இடம் வந்தது. வீரன் கையில் அந்த வாள் இல்லை, பழைய துருப்பிடித்த கத்தி. பின்னால் மூட்டையோடு சுமைதூக்கி நடந்துகொண்டிருந்தான். எங்களிடம் சொல்லாமல், மாப்பிள்ளை திரும்பப் பாலத்துக்குப் போயிருக்கிறார். சுமைதூக்கியின் தலைக்குமேல் இருந்த பெயரைக் கூட்டிப் படித்தேன். அவசரப்படுத்த ஆள் இல்லை. இன்னொரு தரமும் படித்தேன். ‘மாடு’ என்று இல்லை. ‘மச்சான்’ என்று இருந்தது.

அவர் சேமித்திருந்ததை அழித்துவிட்டேன். உறுதியாக அழிக்கவா என்று கேட்டது, ஆம் என்றேன். சாட்சியை மறைக்க இல்லை, ஐயா. அதில் இருந்தது பொய். என் மாப்பிள்ளை அப்படிப்பட்ட ஆளே இல்லை.