கரும்பலகையோடு வழியனுப்பும் மடல்

எண்ணிலே தெளிவும் எழுத்திலே எழிலும் ஏச்சிலேகூட இனிமையும் கொண்ட பெருமாட்டியே! இராசபாளையம் கணிப்பொறிப் பயிற்சி நிலையத்திலிருந்து இன்று ஓய்வு பெறும் கணித ஆசிரியை, திருமதி ஞானபாக்கியம் அம்மையீர்! வணக்கம்!

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்து எட்டாண்டுகள் தாங்கள் கற்பித்த கணிதத்தை எத்தனை பேர் கற்றார்கள் என்று கேட்டால், இந்த அவை தலைகுனியும். "கணக்கத்தான் கம்ப்யூட்டரே போட்டுருதே, பொறவு நாம எதுக்கு டீச்சர் படிக்கணும்?" என்று முதலில் கேட்டவன், அன்று மாணவனாயிருந்த மாரிச்சாமி. புரோகிராம் எழுதுவதில் புலி. கணித வகுப்பென்றால் பூனையாய் நழுவுவான்.

அந்த மாரிச்சாமியே பின்னர் இங்கு பயிற்றுநரானார். நூற்பாலை ஒன்றுக்குப் புரோகிராமும் எழுதினார். நாற்பதாம் நம்பர் இழையையும் அறுபதாம் நம்பர் இழையையும் சேர்த்து முறுக்கினால் என்ன நம்பர் வரும்? கூட்டிப் பாதியாக்கி, ஐம்பது என்று எழுதிவிட்டார். நம்பர் ஏற ஏற நூல் மெலியும்; இரண்டு இழை சேர்ந்தால் தடிக்கத்தானே வேண்டும்! சரியான விடை இருபத்துநான்கு என்று மில்காரர்கள் சொல்லித்தான் தெரிந்தது. ஐம்பது என்று சீட்டு ஒட்டிய நூல் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது. "கம்ப்யூட்டர் தப்பாப் போட்டுட்டு" என்று எல்லோரும் பேசி முடித்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதற்குப் பிறகும் தங்கள் வகுப்பில் காலிப் பெஞ்சுகள்தாம்.

மாரிச்சாமிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. சென்ற வாரம் தங்களிடம் வந்து, "இருவத்திநாலு எப்பிடி டீச்சர் வருது?" என்று கேட்டார். தாங்கள் ஏசவில்லை. சாக்பீஸை எடுத்தீர்கள். இரண்டு வரிதான் எழுதினீர்கள், அதற்குள் நிர்வாகத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். இனி அந்த வகுப்பறை குளிர்பதன அறையாம். சாக்பீஸ் தூசி கம்ப்யூட்டருக்கு ஆகாதாம். பலகையைக் கழற்றினார்கள்.

தங்கள் இடத்துக்குக் கணக்கு வாத்தியார் வேண்டும் என்று எழுதிக் கேட்டோம். மில்லில் வரவு செலவு எழுதுகிற ஐயாதுரை அண்ணாச்சியை அனுப்புகிறார்களாம். அதுவும் கணக்குத்தானே!

நலம் கூடி, நோய் கழிந்து, நெடுங்காலம் தாங்கள் வாழ்க! நினைவுப் பரிசாகக் குத்துவிளக்கு வாங்குவதாக இருந்தோம். மாரிச்சாமியோ அந்தக் கரும்பலகையையே சுமந்துவந்து மேடையில் சாய்த்து வைத்திருக்கிறார். தங்கள் இரண்டு வரியும் அதில் அப்படியே இருக்கின்றன. மூன்றாவது வரியை எழுத இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை, அம்மா.

கனத்த நெஞ்சுடன்,
நிலையத்தின் பணியாளர்கள்
இராசபாளையம், 31.5.1993