கேக்கின் அடி அட்டை

எங்கள் வீட்டில் அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடுகிற பழக்கம் கிடையாது, சார். மிக்சி வந்த பெட்டி, ஷூ வந்த பெட்டி எல்லாம் பரணில் இருக்கும். என்றைக்காவது உதவும் என்பார் அப்பா. அதனால், அந்த நீல அட்டை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வீட்டிலிருந்துதான் வந்தது.

நீங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து இந்த விசாரணைக்காகவே வந்திருக்கிறீர்கள், வெங்கடசுப்ரமணியன் சார். இழுத்தடிக்க மாட்டேன். பெங்களூரு–தூத்துக்குடி கேட்டில் கைப்பையை அளந்து பார்க்க ஓர் இரும்புக் கூண்டு வைத்திருக்கிறோம். பை அதற்குள் இறங்கினால் விமானத்துக்குள் போகலாம், இறங்காவிட்டால் சாமான் அறைக்கு. அந்தக் கூண்டின் ஒரு பக்கத்தில் அரை அங்குல அட்டையை நான்தான் செருகினேன். கம்பெனி நீலத்திலேயே பெயின்ட் அடித்து, இரண்டு முறை. முதல் தடவை ஷேடு சரியாக வரவில்லை.

பதினான்கு மாதமாக அது அங்கேதான் இருந்தது. யாரும் கூண்டைச் சந்தேகப்படவில்லை. பை இறங்காவிட்டால் மனிதர்கள் பையைத்தான் திட்டுவார்கள், அல்லது பெண்டாட்டியை. ஒரு ரிடையர்ட் போஸ்ட்மாஸ்டர் பெட்டியின் பருமனைக் குறைக்க நாலு சட்டையை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார். காலிப் பெட்டியும் இறங்கவில்லை. பாவம், வேர்த்து விறுவிறுத்துப் போய்விட்டார். ஒரு பையன் அரைக் கிலோ மைசூர்பாகை என் கண்ணெதிரிலேயே தின்று தீர்த்தான். அப்போதும் பை பையாகத்தான் இருந்தது.

சாமான் ஏற்றுகிற கிரண் ஒரு நாள் கேட்டான், "ஏன் மேடம், நம்ம கேட்ல மட்டும் எல்லார் பேகும் மாட்டுது? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம், கொஞ்சம் விட்டுக் குடுங்க, பாவம்."

"ரூல்னா எல்லாருக்கும் ஒரே ரூல்தான் கிரண்" என்றேன். அதுதான் சார் என் கொள்கை. யார் மேலும் தனியாக வன்மம் காட்டினேன் என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. சொல்ல முடியாதபடிதான் பதினான்கு மாதம் எல்லாரையும் பிடித்தேன்.

இப்போது லாயிட் குடும்பம் கொடுத்த புகாருக்கு வருகிறேன். அவர்களை எனக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். பெங்களூரு காக்ஸ் டவுனில் ஒரே சர்ச், இரண்டு தெரு தள்ளி வீடு. லாயிட்டுக்கு வைட்ஃபீல்டில் ஐடி வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

அப்போது நான் நர்சரி ஸ்கூல் டீச்சர். அப்பா மதலைமுத்து ஆர்வக்கோளாறில் இரண்டடுக்கு கேக்குக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு யாராவது இரண்டடுக்கு கேக் வைப்பார்களா? "இருக்கட்டும்டி, நல்ல இடம்" என்றார். லாயிட்டின் அம்மா சோஃபியா ஆன்ட்டி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு இடமிருந்து வலம் பார்த்தார். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. பிளேன்ல கூட்டிட்டுப் போனா மட்டும் ரெண்டு சீட்டு போடணும்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். லாயிட் வாய் நிறைய கேக்கை வைத்துக்கொண்டு சிரித்தான். வந்தவர்கள் முகம் கோணக்கூடாது என்று அப்பாவும் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். வலித்தது சார், பொய் சொல்ல மாட்டேன். அப்பா சிரித்ததுதான் ரொம்ப வலித்தது. ஆனால் ஓர் அரை மணி நேரம்தான், அதோடு மறந்துவிட்டேன். போகும்போது வாசலில் ஆன்ட்டி யாரிடமோ, "எங்க அம்மா ஊர் தூத்துக்குடிலயே பாத்துக்கறோம், அங்க பொண்ணுங்க ஒல்லியா இருக்கும்" என்று சொன்னது காதில் விழுந்தது.

அந்த வாரமே ஸ்கூல் வேலையை விட்டேன். நம் கம்பெனியில் சேர்ந்தேன். எந்த கேட் வேண்டும் என்று கேட்டபோது தூத்துக்குடி என்றேன். யாரும் கேட்காத கேட், உடனே கொடுத்துவிட்டார்கள். எனக்கு எப்போதுமே கடல் பிடிக்கும்.

போன மாதம் சர்ச்சில் லாயிட்டுக்கு ஓலை வாசித்தார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெயர்களை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை எதுவும் அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்பார் ஃபாதர். தூத்துக்குடி பிரபா, சனிக்கிழமை மாலை ஐந்து மணி. எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. மூன்று ஞாயிறும் முன் வரிசையில் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை.

ஆபீஸில் ஏதோ ரிலீஸ் என்று லாயிட்டுக்கு வெள்ளிக்கிழமைவரை லீவு கிடைக்கவில்லையாம். சொந்தக்காரர்கள் ரயிலில் முன்னாலேயே போய்விட்டார்கள். தாலியையும் கூறைப்புடவையையும் யாரிடமும் கொடுத்தனுப்ப ஆன்ட்டிக்கு மனமில்லை. கைப்பெட்டியில் வைத்து, கல்யாணத்தன்று காலை பத்து மணி விமானத்துக்கு மகனோடு வந்தார். எங்கள் சர்ச் ஆட்கள் தாலியைச் சாமான் அறையில் போட மாட்டார்கள். தலையே போனாலும் போட மாட்டார்கள். இதை நான் எதிர்பார்த்தேனா என்றால், ஆமாம்.

பெட்டி இறங்கவில்லை. "போன மாசம் இதே பெட்டியோட புனே போனேங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல" என்றான் லாயிட்.

"இது சின்ன விமானம் சார்" என்றேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஆன்ட்டிதான் என் பேட்ஜைப் படித்தார்.

"ஏய், நீ மதலைமுத்து சார் பொண்ணு யூனிஸ்தானே? கண்ணு, சாயங்காலம் கல்யாணம்மா. உள்ள தாலி இருக்கு. கொஞ்சம் பாத்து விடேன்."

"உள்ள இருக்கறத எடுத்து உடுத்திக்கிட்டா பரவாயில்ல ஆன்ட்டி. காலிப் பெட்டிய நான் கீழ அனுப்பிடறேன். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

உதவிதான் செய்தேன். லாயிட் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டான். ஆன்ட்டி கட்டியிருந்த புடவைமேல் கூறைப்புடவையைச் சுற்றினார், அதன்மேல் சாயங்காலத்துக்கு வைத்திருந்த தன் பட்டைச் சுற்றினார், அதன்மேல் ஒரு சால்வை. தாலி டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டார். மணப்பெண்ணின் வெள்ளைக் கிரீடத்தை வைக்க இடமில்லாமல் தலையில் வைத்துக்கொண்டார். கியூவில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். கிரண் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

பெட்டி போன பிறகுதான் நான் நாற்காலியைக் காட்டினேன். விமான இருக்கை அகலத்தில் கேட் பக்கத்தில் ஒன்று வைத்திருக்கிறோமே, அதுதான். கைப்பிடி இரண்டும் இறங்கினால்தான் ஒரு சீட்டு என்பது நம் விதி, ஒன்பதாம் பக்கம். ஆன்ட்டி உட்கார்ந்தார். கைப்பிடி இறங்கவில்லை.

"ரெண்டு சீட்டு போடணும் ஆன்ட்டி" என்றேன். "இன்னைக்கு ஃபுல்."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் செத்துவிட்டது. "புடவைய அவுத்துடறேன் கண்ணு" என்றார். அவிழ்த்ததை வைக்கப் பெட்டி இல்லை, பெட்டி கீழே போய்விட்டது. கையில் தூக்கிக்கொள்ளலாம் என்றால் கைப்பெட்டி போக ஆளுக்கு ஒரு கைச்சாமான்தான், அவர் கையில் ஹேண்ட்பேக் இருந்தது, லாயிட் கையில் லேப்டாப். எல்லாம் பொறுமையாக விளக்கினேன். விளக்கி முடிக்கும்போது கேட் மூடுகிற நேரம்.

"வேற ஃபிளைட் இருக்கா?" என்று லாயிட் கேட்டான். அழுகிற குரல்தான்.

"தூத்துக்குடிக்கு இன்னைக்கு இல்ல சார்" என்றேன். மதுரை விமானத்தில் பதினோரு சீட்டு காலியாக இருந்தது உண்மைதான். அவன் மதுரையைப் பற்றிக் கேட்கவில்லை.

ஏறாத பயணிகளின் பெட்டியை விமானத்திலிருந்து எடுக்க வேண்டியிருந்ததால் ஆறு நிமிடம் தாமதமாகிவிட்டது. அதற்கு நான் மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

டாக்சி பிடித்துப் போனார்கள். போய்ச் சேர இரவு பத்தாகிவிட்டதாம். பிரபா சர்ச்சில் எட்டு மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டுக்குப் போய், நைட்டி மாற்றிக்கொண்டு, பிரியாணி சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். மறுநாளும் கதவைத் திறக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்ததுகூட இல்லை நான். மூன்று மணி நேரம் பூமாலையோடு உட்கார்ந்திருந்தாள் என்று கேட்டபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் தூங்கியது அவள் முடிவு.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அட்டை என்னுடையது. பெட்டியைக் காலி பண்ணச் சொன்னது, கீழே அனுப்பியது, நாற்காலியைக் காட்டியது, எல்லாம் நான்தான், எல்லாம் தெரிந்துதான் செய்தேன். அட்டையின் பின்பக்கம் பேக்கரிக்காரர் ஒட்டிய லேபிளில் தேதி இருக்கிறதே என்று கேட்கிறீர்கள். ஆமாம், பெண் பார்த்த அன்றைய தேதிதான். அந்தக் கேக்கின் அடியில் இருந்த அட்டைதான் அது. சொன்னேனே, எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப் போட மாட்டோம்.

வன்மம் என்று மட்டும் எழுதாதீர்கள் சார். அதையெல்லாம் அன்றைக்கே மறந்துவிட்டேன். என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. வேலையை விட்டு எடுக்காமல் மாற்றல்தான் போடுவீர்கள் என்றால், கோயம்புத்தூர் கேட் கிடைத்தால் நன்றாக இருக்கும். லாயிட்டுக்கு அங்கே பெண் பார்ப்பதாக சர்ச்சில் பேசிக்கொண்டார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு அந்த ஊர்த் தண்ணீர் பிடிக்கும். இந்த அட்டையை நீங்களே ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். கேக் இரண்டடுக்கு, இன்னோர் அட்டை பரணில் இருக்கிறது.