குமராட்சிக்குப் போன பேட்டரி

ராத்திரி எட்டு மணி. சிதம்பரம் தாண்டி குமராட்சி போகிற சாலை. புயல் மழைக்கு மினி பஸ்ஸெல்லாம் மத்தியானமே நின்றுவிட்டன. இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் ஏறி, எது சாலை, எது வாய்க்கால் என்றே தெரியாது. இந்நேரம் அங்கே ஒரே ஒரு குட்டியானை வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும். பின்னால் நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி. முன்னால், டிரைவர் பக்கத்தில், நம்மோடு இந்த வீட்டில் இருக்கிற செந்தமிழ்செல்வன், அதான் நம் செல்வம்.

அதனால்தான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாம் மூன்று பேரும் ஒரு மெழுகுவர்த்தியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். உத்திராபதி, நீ இந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "பேட்டரிய எவன்டா தூக்கினது"ன்னு சாயங்காலத்திலிருந்து கத்துகிறாய். சொல்கிறேன். மரியலூர்துவுக்குப் பாதிக் கதை தெரியும். அவன் இப்போதே போர்வையை இழுத்து மூடிக்கொண்டான், பார்.

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன், மற்ற நாளில் கம்ப்யூட்டரைத் தட்டிச் சாப்பிடுகிறவன். கேட்டுவிட்டு நீயே முடிவு பண்ணிக்கொள்.

செல்வத்துக்கு ஒரு அக்கா. கனிமொழி. குமராட்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நானும் இரண்டு மூன்று முறை போயிருக்கிறேன். போனதும் டீ வரும். இஞ்சியைத் தட்டிப் போட்டு, கூடவே ஒரு கல் உப்பும் போடுவார். முதல் தடவை முகம் சுளித்தேன். "ரெண்டாவது வாய் குடிங்க தம்பி, அப்புறம் விடமாட்டீங்க" என்றார். உண்மைதான். அப்படி டீ போடுகிறவர் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த வருஷம், கன்றுக்குட்டியை அவிழ்க்கப் போன அக்கா வாய்க்காலில் சறுக்கிவிட்டார். மறுநாள்தான் கிடைத்தார்.

கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்காமல் சுடுகாட்டை விட்டு வரவேண்டும் என்பது அவர்கள் முறை. பார்த்தால் போகிற உயிர் பின்னால் வந்துவிடுமாம். அன்பரசு மாமா... அதான், அக்காவின் வீட்டுக்காரர்... வண்டியில் எங்கே கிளம்பினாலும் தெருமுனையில் ஒருமுறை திரும்பி அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் போவார். அந்தப் பழக்கம். சுடுகாட்டு முனையிலும் திரும்பிப் பார்த்துவிட்டார். அதைப் பார்த்தது கூட நடந்த செல்வம் மட்டும்தான். ரொம்ப நாள் அவன் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட.

மாமாவுக்கு சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. வீட்டிலிருந்தே. டீபக்கரைச் சோதிக்கிற வேலை. டீபக்கர் என்றால், ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்தி, உள்ளே எங்கே கோளாறு என்று பார்க்கிற கருவி. நிறுத்திவிட்டால் புரோகிராம் அசையாது. பிணம்தான். அந்த நேரத்தில் இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொன்னால் டீபக்கரே கூட்டிவிடும். ஆனால் நாமே புதிதாக ஒரு வகையை உண்டாக்கி, அதற்குக் கூட்டல் என்றால் என்ன என்று நாமே எழுதிவைத்திருந்தால் டீபக்கருக்குத் தெரியாது. நின்றுபோன புரோகிராமை அந்த ஒரு வேலைக்கு மட்டும் எழுப்பும். பதிலை வாங்கும். மறுபடி படுக்கப் போட்டுவிடும். அந்தப் பதில் சரியா என்று பார்ப்பதுதான் மாமாவின் வேலை.

சோதனைக்காக அவர் 'ஆள்' என்று ஒன்றை உண்டாக்கினார். ஆளோடு ஆளைக் கூட்டினால் வீடு. வீட்டில் இருப்பவர்களின் பெயர்கள் பதிலாக வரும். வெறும் விளையாட்டுத்தான். தன் பெயரைப் போட்டார். மகள் பூவிழி பெயரைப் போட்டார். குழந்தைக்கு அப்போது ஐந்து வயது.

புரோகிராமை ஓடவிட்டார். அன்பரசு, பூவிழி. சரி.

நடுவில் நிறுத்தி, டீபக்கரில் கூட்டச் சொன்னார்.

அன்பரசு, பூவிழி, கனிமொழி.

அந்தப் பெயரை அவர் எங்கேயும் எழுதவில்லை. முழுக்கத் தேடினார். இல்லை. மறுபடி நிறுத்தி, மறுபடி எழுப்பிக் கேட்டார்... மறுபடி மூன்று பெயர். அப்போது அறையில் ஈர வைக்கோல் வாசனை வந்ததாம். நல்ல கோடை. வைக்கோலில் ஈரம் ஏது?

தப்பு வந்தால் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பினால் சரி செய்துவிடுவார்கள். சரி செய்தால் அந்தப் பெயர் போய்விடும். சென்னையிலிருந்து மேலதிகாரி ஜான்சி மேடம் கேட்டபோது, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அந்த மனுஷனை நான் குறை சொல்லமாட்டேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வேலை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொள்வார். நிறுத்துவார். எழுப்பிக் கேட்பார். பெயர் வரும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். செல்வம் போய்ச் சண்டை போட்டான். "விடு மாப்ள, இவ்ளோதான் பாக்கக் கெடைக்குது" என்றாராம். செல்வம் திரும்பி வந்துவிட்டான்.

போன ஆடி மாதம். நல்ல உச்சிப்பொழுது. வெயிலில் ஊரே கதவடைத்துக் கிடந்தது. மாமா புரோகிராமை நிறுத்தினார். கூட்டச் சொன்னார்.

வந்தது இரண்டு பெயர்.

முதலில் நெஞ்சு உடைந்துபோனதாம். அக்கா போய்விட்டார் என்று. அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தார்.

அன்பரசு... கனிமொழி.

பூவிழி படுத்திருந்த பாய் காலியாக இருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. ஓடியிருக்கிறார். வாய்க்கால் படித்துறையில் குழந்தை. இடுப்பளவுத் தண்ணீர். வலது கையை மட்டும் தலைக்குமேல் உயர்த்தி... பெரியவர்கள் கையைப் பிடித்து நடக்கிற குழந்தை மாதிரி. அடுத்த படிக்குக் காலை எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

வாரித் தூக்கினார். குழந்தை அழக்கூட இல்லை.

"அம்மாதான் கூட்டிட்டுப் போனாங்க. அப்பா திரும்பிப் பாத்தாரு, அதான் வந்தேன்னு சொன்னாங்க."

கொள்ளி வைத்த அன்று அது வீட்டிலேயே இருந்த பிள்ளை, உத்திராபதி. சுடுகாட்டுப் பக்கமே போனதில்லை.

குழந்தையோடு உள்ளே வந்தார். திரையில் மூன்று பெயரும் இருந்தன. பூவிழியும் இருந்தது. அவர் ஒரு விசையைக்கூடத் தொடவில்லை. அன்றைக்கு முடிவெடுத்தார். மூன்று பெயரும் நிற்கிற இடத்திலேயே அது நிற்கட்டும். இனி எழுப்பவும் வேண்டாம், ஓடவிடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வேலைக்கு வேறு கம்ப்யூட்டர் வாங்கினார். இந்தப் பழைய லேப்டாப் மட்டும் அலமாரியில், யூபிஎஸ்ஸோடு, நின்றபடியே கிடக்கிறது. அணைந்தால் எந்தப் பெயர் போகும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

இப்போது புரிகிறதா? காலையிலிருந்து அங்கே கரண்ட் இல்லை. சாயங்காலம் மாமா போன் செய்தார். ஒரே அழுகை. பின்னால் சார்ஜ் தீரப்போகிற யூபிஎஸ் கீ... கீ... என்று கத்துவது எனக்கே கேட்டது. செல்வம் உடனே எழுந்தான். பேட்டரியைக் கழற்றினான், போய்விட்டான்.

சும்மா இரு, மரியலூர்து. என் போன்தான் அடிக்கிறது. டவர் வந்திருக்கிறது போல. செல்வம்தான். ஸ்பீக்கரில் போடுகிறேன்.

"போய்ச் சேந்துட்டியாடா?"

"சேந்துட்டேன்."

"லேப்டாப்பு?"

மழைச் சத்தம்.

"நான் வர்றதுக்கு முன்னாடியே அணஞ்சி போச்சு, டேனி."

"பாப்பா? மாமா?"

"தூங்குறாங்க. ரெண்டு பேரும் ஒரே பாயில. மூச்சு வருது, பாத்துட்டேன்... எழுப்பல."

"அப்பாடா. சரி, நீ தலையத் தொவட்டு. குரலு ஏன் இப்டி இருக்கு?"

"நனஞ்சிட்டு வந்தேன். அடுப்பு மேடையில டீ ஊத்தி மூடி வச்சிருந்துச்சு. சூடா. மாமா எனக்காகப் போட்டு வச்சிட்டுப் படுத்துட்டாருன்னு நெனச்சிக் குடிச்சிட்டேன்..."

"சரி, அதுக்கென்ன?"

"உப்புக் கரிக்குது, டேனி."