பள்ளி அறையில் புகையிலை அடுக்கிய விவகாரம்

என் பெயர் வியாகுலம்மாள். வயது முப்பத்தாறு. கணவர் பெயர் செபஸ்தியான், திண்டுக்கல் டவுனில் பூட்டுப் பட்டறையில் வேலை செய்கிறார். மதுரை ஜில்லா, திண்டுக்கல் தாலுகா, சாணார்பட்டிக்குக் கிழக்கே உள்ள நல்லமுத்துப்பட்டியில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். மேற்படி ஊரில் உள்ள உதவி பெறும் ஆரம்பப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். வாசிக்க எழுதத் தெரியுமா என்று ஏட்டையா கேட்டார்கள். பிழைப்பே அதுதான், தெரியும் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

நான் பள்ளி மானேஜர் சுருளிவேல் அவர்களின் வீட்டுக்குள் அத்துமீறிப் பிள்ளைகளோடு புகுந்ததாகவும், அவருடைய புகையிலையை அறையில் வைத்துப் பூட்டி அவருக்கு நஷ்டம் உண்டாக்கியதாகவும் அவர் கொடுத்த புகாரை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இது சம்பந்தமாக எனக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொன்னார்கள். முதலில் என் வேலை ஒப்பந்தத்திலிருந்து ஆரம்பிக்கிறேன் என்றேன். அதற்கும் புகையிலைக்கும் என்ன சம்பந்தம் என்று சப்-இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார்கள். அங்கேயிருந்து வந்தால்தான் விளங்கும் என்று சொன்னதற்கு, சரி, சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று உத்தரவு ஆயிற்று.

நான் இந்தப் பள்ளிக்கு வருவதற்கு முன்பு வேறு ஓர் ஊரில் மாட்டுக்கொட்டத்தில் வைத்து எண்பது பிள்ளைகளுக்கு ஒற்றை ஆளாகப் பாடம் நடத்தியவள். பாதிப் பிள்ளைகளின் பெயரே எனக்குத் தெரியாது. அந்தப் பாவத்தை இனிமேல் சுமப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் இந்த ஊருக்கு வந்தேன். 1957-ம் வருஷம் ஜூன் மாதம் மானேஜர் என்னிடம் நீட்டிய ஒப்பந்தத்தில் ஆசிரியை நேரத்துக்கு வர வேண்டும், மானேஜர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும், கேட்காமல் லீவு எடுக்கக் கூடாது என்று பக்கம் முழுக்க என்னைப் பற்றியே எழுதியிருந்தது. பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள், நான் எதை வைத்துக்கொண்டு நடத்துவேன் என்பதைப் பற்றி மூச்சு இல்லை. அதன் பிறகு நானே பேனாவை எடுத்து, ஓர் ஆசிரியருக்கு நாற்பது பிள்ளைகளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றும், கரும்பலகைக்கு வருஷம் ஒரு முறை கரி பூசித் தர வேண்டும் என்றும், பாட வேளையில் பள்ளி அறையைப் பாடம் நடத்துவது தவிர வேறு எதற்கும் உபயோகிக்கக் கூடாது, அறைச் சாவி தலைமை ஆசிரியையிடமே இருக்க வேண்டும், எந்தக் காரணத்தாலாவது அறை கிடைக்காமல் போனால் அதற்கு ஈடான நிழலுள்ள வேறு இடத்தை மானேஜர் தம் பொறுப்பில் கொடுக்க வேண்டும் என்றும் கீழே எழுதிச் சேர்த்தேன். மானேஜருக்கு வெளியே வண்டி பூட்டி நின்றது. "எதையாச்சும் எழுதிக்கங்க டீச்சரம்மா, எனக்குச் சந்தைக்கு நேரமாச்சு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். வருஷா வருஷம் ஜூன் மாதம் அதே வாசகத்தோடு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு வந்தது.

மேற்படி சுருளிவேல் அவர்கள் கெட்ட மனிதர் அல்ல. பள்ளிக்கு ஓடு போட்டுக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் ஓடு போட்ட கட்டடத்தைப் பார்த்தால் அவருக்குப் பிள்ளைகள் ஞாபகம் வராது, விளைச்சல் ஞாபகம்தான் வரும். இந்த வருஷம் மாசிக் காற்றில் அவருடைய புகையிலைக் கொட்டகைக் கூரை பிரிந்து போயிற்று. அதே சமயம் மாசித் திருவிழாவுக்குப் பள்ளி விடுமுறை விட்டோம். இந்த மாசம் பள்ளிகளின் டெபுடி இன்ஸ்பெக்டர் ஆண்டுச் சோதனைக்கு வருவதால் சுவருக்கு வெள்ளை அடிக்கப் போகிறேன், சாவியைக் கொடுங்கள் என்று மானேஜர் ஆள் விட்டார். எனக்கு ஏக சந்தோஷம். சாவியைக் கொடுத்துவிட்டு நானும் கணவரும் டவுனுக்குத் திருவிழா பார்க்கப் போனோம்.

அதன் பிறகு இந்த வாரம் திங்கட்கிழமை காலையில் பள்ளிக்குப் போனபோது கதவு பூட்டாமல் சாத்தியிருந்தது, சுவர் பழைய சுவராகவே இருந்தது. அறையில் முக்கால் பங்குக்குப் புகையிலை அடுக்கி, மேலே கோணிச் சாக்கு மூடி, கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள். மீதிக் கால் பங்கில் பிள்ளைகளை நெருக்கி உட்கார வைத்துப் பாடம் ஆரம்பித்தேன். ஒரு பிள்ளை தும்மியது, அடுத்தது தும்மியது, அப்புறம் வகுப்பு முழுக்கத் தும்மல்தான். ஆத்திசூடி சொல்லச் சொன்னால் அடிக்கு ஒரு தும்மல் விழுந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒண்ணாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று தலை சுற்றி வாந்தி எடுத்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

அன்றைக்கே மானேஜரைப் பார்த்து, ஒப்பந்தப்படி அறையைக் காலி செய்து தர வேண்டும் என்று கேட்டேன். "ஒரு மாசந்தான் டீச்சரம்மா. பதம் வந்ததும் எடுத்துருவேன். இம்புட்டு எல போச்சுன்னா நான் என்னத்தத் திங்க" என்றார். பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்று கேட்டேன். "மரத்தடியில வச்சு நடத்துங்க. ரிஷிகள்லாம் மரத்தடியிலதான படிச்சாக" என்றார். ரிஷிகளுக்கு டெபுடி இன்ஸ்பெக்டர் வரவில்லை என்று நான் பதில் சொன்னேன். அதற்கு அவர் கோபமாகி, "ரொம்பப் பேசுனா வார ஜூன்ல உனக்கு அக்ரிமெண்ட் கெடையாது, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, ஒட்டன்சத்திரத்தில் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வேலை எனக்கு வேண்டும். பெயர் தெரிந்த பிள்ளைகளோடு இருக்கிற வேலை அது.

செவ்வாய்க்கிழமை மரத்தடியில் நடத்திப் பார்த்தோம். காற்றுக்குக் கரும்பலகை இரண்டு தடவை கவிழ்ந்தது. வெயில் நகர நகரப் பிள்ளைகளும் நகர்ந்து, மத்தியானத்துக்குள் மரத்தைச் சுற்றி வந்துவிட்டார்கள். இதற்கிடையில் பெரிய பையன்கள் சிலர் அறைக்குள் போய் இலையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பதை உதவி ஆசிரியர் மலைச்சாமி கண்டுபிடித்தார். பழைய பூட்டும் சாவியும் மானேஜரிடமே இருந்ததால், என் கணவரிடம் சொல்லி ஒரு புதுப் பூட்டு வாங்கி அறையைப் பூட்டினேன். அது மானேஜருடைய புகையிலையை முடக்குவதற்காக அல்ல. இலையைப் புரட்டிப் போட அவருடைய ஆட்கள் வந்தபோது, பாட வேளை முடிந்து வாருங்கள் என்றேன். நாலு மணிக்கு மேல் வந்தார்கள். நானே திறந்துவிட்டு, அவர்கள் புரட்டி முடிக்கும் வரை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றேன். புரட்டாவிட்டால் இலை சூடேறிக் கெட்டுப்போகும் என்பது எனக்கும் தெரியும். இதை அந்த ஆட்களிடமே விசாரித்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை காலையில் ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். ஈடான நிழலுள்ள இடம் மானேஜர் பொறுப்பு என்று இருந்தது. ஊரில் ஓடு போட்ட பெரிய கூடம் மானேஜர் வீட்டில்தான் இருக்கிறது. அதன் பிறகு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மேற்படி வீட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மானேஜருடைய சம்சாரம் சுந்தரம்மாள் வாசலுக்கு வந்தார். விவரத்தைச் சொல்லி, கூடத்தில் உட்காரலாமா என்று அனுமதி கேட்டேன். "பச்சப் புள்ளைகளை வெயில்ல நிறுத்திக்கிட்டு என்ன டீச்சர் கேள்வி. உள்ள கூட்டியாங்க" என்றார். ஆகவே நான் அத்துமீறவில்லை. கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே போனோம்.

மானேஜருடைய சாய்வு நாற்காலியின் மேல் கரும்பலகையைச் சாத்தினேன். மலைச்சாமி சிறு பிள்ளைகளை ஊஞ்சலைச் சுற்றி உட்கார வைத்தார். ஒழுங்காக வாசிக்கிற பிள்ளை ஊஞ்சலில் உட்கார்ந்து வாசிக்கலாம் என்று அவர் ஒரு ஏற்பாடு செய்ததில், வருஷம் முழுக்க வாய் திறக்காத பிள்ளையெல்லாம் நான் நான் என்று எழுந்தது. சுந்தரம்மாள் எல்லாருக்கும் மோர் கொடுத்துவிட்டு, முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்டார். இடையில் ஒரு கணக்கில் என்னைச் சந்தேகமும் கேட்டார். மனசாரச் சொல்கிறேன், இத்தனை வருஷ வேலையில் அதைப்போல ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை.

இன்று வியாழக்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் மானேஜர் ஊரிலிருந்து திரும்பினார். திண்டுக்கல் புகையிலை வியாபாரி அப்பாஸ் என்பவரை இலை பார்க்கக் கூட்டி வந்திருந்தார். இருவரும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மூன்றாம் வகுப்பு ஏழாம் வாய்பாட்டைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. மானேஜர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அப்பாஸ் அவர்கள் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன மானேஜரே, சொந்த வீட்டையே புள்ளைகளுக்கு விட்டுட்டிங்க. பெரிய மனசு உங்களுக்கு" என்றார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். மானேஜர் முகத்தில் கோபமும் வணக்கமும் சேர்ந்து வந்தது. வியாபாரி முன்னால் ஒன்றும் சொல்ல முடியாமல் என்னைத் தனியே அழைத்துச் சாவியைக் கேட்டார். பாட வேளையில் அந்த அறை பாடத்துக்கு மட்டும்தான், புகையிலை வியாபாரத்துக்காகத் திறக்க முடியாது, நாலு மணிக்குத் தருகிறேன் என்று மரியாதையாகவே சொன்னேன். அப்பாஸ் அவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நாளை மறுநாள் வாரேன் என்று சொல்லி மோர் குடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு மானேஜர் நேரே இங்கே வந்து புகார் கொடுத்திருக்கிறார்.

மாலையில் எனக்கு ஆள் வந்தது. நான் மலைச்சாமியோடு ஸ்டேஷனுக்கு வந்தேன். எங்களுக்குப் பின்னாலேயே வில்வண்டியில் சுந்தரம்மாளும் வந்து இறங்கினார். மானேஜர் தம் சொல்லுக்கு நான் கட்டுப்படவில்லை என்று காட்டுவதற்காக ஒப்பந்தத்தை எடுத்து சப்-இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் நீட்டினார். ஐயா முழுக்க வாசித்தார்கள். பிறகு, "கீழ இருக்குறது உங்க கையெழுத்துதானே" என்று மானேஜரிடம் கேட்டார்கள். "ஆமாங்கய்யா. வாசிக்காமப் போட்டுட்டேன்" என்றார். "பள்ளிக்கூட மானேஜர் வாசிக்காமப் போட்டிங்களா" என்று ஐயா கேட்டார்கள்.

அதன் பிறகு ஐயா, வீடு யாருடையது, யார் அனுமதி கொடுத்தது என்று விசாரித்தார்கள். சுந்தரம்மாள் முன்னால் வந்து, "வீடு எம் பேர்லதாங்கய்யா இருக்கு. நெலத்துக்கு உச்சவரம்பு போடப் போறாகன்னு எவனோ சொன்னான்னு போன வருசம் வீடு, தோட்டம், கெணறு அம்புட்டையும் எம் பேருக்கு எழுதி வச்சுட்டாரு. நாந்தான் புள்ளைகளை உள்ள வரச் சொன்னேன்" என்றார். மானேஜர் மெதுவாக, "ஏ சுந்தரம், அத ஏன் இங்க சொல்ற" என்றார். சுந்தரம்மாள் அவர் பக்கம் திரும்பாமல், "பொகையில வெளஞ்சதும் எந் தோட்டத்துலதாங்கய்யா. எம் பொகையிலய வச்சு ஒரு புள்ளைக்கு வாந்தி வந்தா அந்தப் பழி எனக்குத்தான. ஜூன்ல அக்ரிமெண்ட் இல்லாம அந்த டீச்சர் ஊரவிட்டுப் போனா தோட்டத்த நானே நின்னு பாத்துக்கிறேன், இவரு சும்மா ஒக்காரட்டும்" என்றார். அவர் இப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்படியானால் இத்தனை இலையையும் நான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று மானேஜர் கேட்டார். "நீங்க படுக்குற உள் அறையில வைங்க. ஓடு போட்டிருக்கு, காத்து அடிக்காது" என்று சுந்தரம்மாள் சொன்னார். "அப்ப நான் எங்க படுக்கிறது" என்று மானேஜர் கேட்டார். பள்ளிக்கூடம்தான் காலியாக இருக்குமே என்று ஏட்டையா யோசனை சொன்னார்கள். பாட வேளைக்கு முன்னால் எழுந்து பாயைச் சுருட்டிக்கொள்வதானால் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் சாவி என்னிடம்தான் இருக்கும் என்று சொன்னேன். சப்-இன்ஸ்பெக்டர் ஐயா முகத்தைக் கர்ச்சீப்பால் துடைப்பதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டார்கள். மலைச்சாமி வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

எனக்கு மேற்படி சுருளிவேல் அவர்கள் மேல் புகார் எதுவும் கிடையாது. சாவியை ஐயா முன்னிலையில் மேசை மேல் வைத்தேன். நாளைக் காலை பிள்ளைகளை எங்கே வரச் சொல்வது என்று மட்டும் மானேஜரைக் கேட்டேன். அவர் சாவியைப் பார்த்தார், சம்சாரத்தைப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துக்கே வரச் சொல்லுங்க டீச்சரம்மா. விடியுறதுக்குள்ள எலயெல்லாம் எடுத்துருவேன்" என்றார். ஜூன் மாதம் நான் எங்கே இருப்பேன் என்று கேட்டேன். "நீங்க எங்க போகப் போறீக" என்றார்.

நான் சொன்னதை ஏட்டையா எழுதி, எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார்கள். கூட்டாமல் குறைக்காமல் நான் சொன்னபடியே இருக்கிறது. நடந்தது இவ்வளவுதான், இதில் பொய் எதுவும் இல்லை என்று அறிந்து, என் சுயபுத்தியோடு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) செ. வியாகுலம்மாள்
தலைமை ஆசிரியை, நல்லமுத்துப்பட்டி
மார்ச், 1960