மினுங்காத சாட்டிலைட்

பொன்னி: இன்னாய்யா, அந்த சாட்டிலைட்டு இன்னிக்கும் மினுக்குதா?

தனக்கோடி: ம்... வெளிச்சம் ஏறுது, எறங்குது. எழுதிக்கோ.

பொன்னி: எழுத மாட்டேன். சாட்டிலைட்டு பாக்கறவங்க வாட்ஸ்அப் க்ரூப்ல சகாதேவன் சார் போட்டிருக்கறத படிக்கறேன், கேளு. ‘கெட்டுப்போயி உருள்ற சாட்டிலைட்டுதான் மினுக்கும். இது ஒரே வெளிச்சமா போவுதுன்னு பதினோரு பேரு சொல்றாங்க. மரக்காணம் தனக்கோடிக்கு மட்டும் மினுக்குது.’

தனக்கோடி: அவுங்க சரியா பாக்கல.

பொன்னி: பதினோரு பேருமா? நல்லா ஓடிக்கினு இருக்கறத செத்துப்போச்சுன்னு சொல்லிட்டியேய்யா! இன்னொரு தபா தப்பா போட்டா க்ரூப்லேருந்து எடுத்துடுவாராம். ஆறு வருஷமா பாக்கற...

தனக்கோடி: தெரியும்டி, கத்தாத.

பொன்னி: தெனம் நீ வூட்டுக்கு வந்து சொன்னத நம்பி அனுப்பிக்கினு இருந்தேன். அதான் இன்னிக்கு உப்பளத்துக்கு கூடவே வந்தேன். அடுத்தது வர்ற நேரம்... இன்னா, தரைய பாத்துக்கினு நிக்கற?

தனக்கோடி: பாத்தில பாக்கறேன். தண்ணி கண்ணாடியாட்டம் கெடக்குது, அதுலயே தெரியுது...

பொன்னி: அட கடவுளே! இவ்ளோ நாளும் உப்புத்தண்ணிலயா பாத்த?

தனக்கோடி: ஆமா, தண்ணிலதான்.

பொன்னி: காத்தடிச்சா தண்ணி ஆடாதா? தண்ணி ஆடுனா வெளிச்சமும் ஆடாதா? பொறந்ததுலேருந்து உப்பளத்துல கெடக்கறவனுக்கு இதுகூடவா தெரியாது?

தனக்கோடி: தெரியும்.

பொன்னி: தெரிஞ்சேவா! தோ, கடல் பக்கம் வந்துட்டுது. அண்ணாந்து பாருய்யா!

தனக்கோடி: நீ பாத்து சொல்லு. நான் எழுதறேன்.

பொன்னி: ஒனக்கு இன்னா கேடு? இரு, மோவாய நான் தூக்கறேன்...

தனக்கோடி: தொடாத! ஐயோ... வுடு, வுடு!

பொன்னி: இன்னா... இன்னா ஆச்சு? கைய ஏன் இப்படி ஒதர்ற?

தனக்கோடி: கழுத்த நிமித்துனாலே கை மரத்துப்போவுது. மாசிலேருந்து.

பொன்னி: பாவி மனுஷா! வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?

தனக்கோடி: சொன்னா பாத்தில எறங்க வுடமாட்ட. சீசன் முடியட்டும்னு பாத்தேன். குனிஞ்சி செய்யற வேலதானே... ஒருத்தருக்கும் தெரியல.

பொன்னி: செரி, மறச்ச. இந்த சாட்டிலைட்டு பாக்கறதயாவது நிறுத்தித் தொலைக்கக் கூடாதா? கழுத்து போன ஆளு இத ஏன்யா கட்டிக்கினு அழுவுற?

தனக்கோடி: தண்ணிலயாவது தெரியுதேன்னுதான்... வானத்த நேரா பாத்தே மூணு மாசம் ஆச்சு, பொன்னி.