துபாயில் கேட்கும் கடலூர்ப் பேச்சு

எட்டாவது தாண்டாமலே கடலூரில் மூன்று கடை போட்டவன் நான். வியாபாரப் பேச்சு பஸ் இரைச்சலிலும் காதில் விழுந்துவிடும். சிதம்பரம் பஸ்ஸில் முன் சீட்டில் இளம் புருஷன் பெண்டாட்டி. நம் ஊர்ச் சேதிகளைப் பேசி இன்டர்நெட்டில் போடுகிறவர்கள்.

"பாட்காஸ்ட்டு போதும். நெட்டு பில்லுக்கே என் மோதிரம் அடகுல இருக்கு," என்றான் அவன்.

"கடலூர் ஜவுளிக்கடைல விளம்பரம் தரேன்னாங்களே மாமா?"

"கேக்குறவுங்கல்லாம் துபாய்ல இருக்காங்கன்னேன். அவுங்களா வந்து எங்கிட்ட துணி எடுப்பாங்கன்னு கேட்டு மொதலாளி அனுப்பிட்டாரு."

"பெருமைய மட்டும் சொல்லிட்டு வந்தியா? அவுங்க அனுப்புற காசுலதான இங்க கடலூரு மஞ்சக்குப்பத்துல அவுங்க பொண்டாட்டிங்க பொடவ எடுக்குதுங்க. அத சொன்னியா?"

அவன் எழுந்து கண்டக்டரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

சிதம்பரத்துக்கு டிக்கெட் எடுத்தவர்கள் புதுச்சத்திரத்திலேயே இறங்கி, எதிர்ப்பக்கம் கடலூர் பஸ்ஸுக்கு நின்றார்கள்.